என் நிறம் திரும்பிய மாதங்கள்

இந்த வருடம் குதிகால் செருப்பின் உயரம் குறைகிறதாம். ஸ்டேஷனில் உங்கள் மேசைமேல் கிடந்த பத்திரிகையில் அதைத்தான் முதலில் படித்தேன், ஷீஜா மேடம். நீங்கள் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தீர்கள். கேட்காமல் எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேடையை விட்டு இறங்கி வெகுநாள் ஆகிறது, ஆனாலும் ஃபேஷன் செய்தி படிக்காமல் எனக்குப் பொழுது விடியாது. ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் அடுத்தவர் ஓட்டும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருக்கிற காலால் பிரேக் மிதிப்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு பழக்கம்.

மலையாளத்திலேயே சொன்னால் போதும் என்றீர்கள். கடையில் பேரம் பேசவும் பக்கத்து வீட்டோடு சண்டை போடவும் எனக்கு மலையாளம் தாராளமாக வரும். இதைச் சொல்லத் தமிழ்தான் வருகிறது. எழுதித் தந்துவிடுகிறேன், யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சாயாவுக்கும் நன்றி.

என் பெயர் விசாலாக்ஷி. விளம்பரத்தில் என்னை வைசாலி என்று மாற்றினார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கார்ப்பரேஷனில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர். மட்டாஞ்சேரியில் ஊழியர் குடியிருப்பில்தான் பிறந்தேன். உயரமாக வளர்ந்துவிட்டேன், கழுத்து நீளம், அதனால் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பட்டேன். ஒன்றே ஒன்றுதான் அவர்களுக்குக் குறை. நான் கறுப்பு.

அதற்கு வழி வைத்திருந்தார்கள். மேக்கப் போடுகிறவர் என் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த ஃபவுண்டேஷனை எடுப்பார். முகத்தில் மட்டும் பூசினால் திருட்டு தெரிந்துவிடும் என்பதால் காது, கழுத்து, தோள், முதுகு என்று பூசிக்கொண்டே போவார். வளையல் விளம்பரம் என்றால் அந்தச் சிரமம்கூடக் கிடையாது. கைக்கு வேறொரு வெள்ளைக்காரப் பெண் வருவாள், அதாவது நம்மூர் வெள்ளை. தோப்பும்படிப் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு பெரிய பலகை நின்றது. அதில் முகம் என்னுடையது, கை இன்னொருத்தியுடையது. அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இது யாரு கைடி?" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதையெல்லாம் நியாயம் கேட்பதற்காக எழுதவில்லை. நான் செய்ததை இதனால் கழித்துக்கொள்ளவும் முடியாது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் அங்கிருந்து தொடங்கினேன்.

வாய்ப்பு நின்றதும் பஜார் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் பியூட்டி பார்லர் வைத்தேன். கீழே சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கு, மேலே என் கடை. மணப்பெண் அலங்காரம் முக்கிய வருமானம். மாலையில் மாடலிங் ஆசையுள்ள பெண்களுக்கு நடக்கவும் நிற்கவும் திரும்பவும் சொல்லிக்கொடுப்பேன். அப்படித்தான் மகா வந்தாள்.

அவளை நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். அவள் அம்மா காளியம்மையும் நானும் ஒரே குடியிருப்பில் வளர்ந்தவர்கள். காளியம்மையை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு அவன் வேலையைக் கார்ப்பரேஷன் அவளுக்குக் கொடுத்தது. விடியலில் துடைப்பத்தோடு போய்விடுவாள். மகாவை என்னிடம் கூட்டிவந்து, "உன்னை மாதிரி ஆக்கிவிடு, விசாலம்" என்றாள். இருபது வயசுப் பிள்ளை. என்னைவிட உயரம், அப்போது என்னைவிடக் கறுப்பு. நடந்து வரச் சொன்னேன். ஜன்னலிலிருந்து கண்ணாடிவரை ஒரு தடவை நடந்தாள். சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்கு அவளைப் பிடித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அவளுக்கு அந்தக் கிரீமைக் கொடுத்தபோது நல்ல மனதோடுதான் கொடுத்தேன். ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அனுப்பினேன், "உயரம் கொள்ளாம், பக்ஷே..." என்று இழுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த 'பக்ஷே', அந்த 'ஆனால்', எனக்குத் தெரியும். நான் அதற்காக எத்தனையோ கிரீம் பூசியிருக்கிறேன். கடைசியாகப் பூசிவந்தது கலூரிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து தருகிற கிரீம். வெள்ளை டப்பா, மேலே கம்பெனி பெயரோ என்ன சேர்த்திருக்கிறது என்கிற விவரமோ கிடையாது. ஆனால் கேட்கும். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். எனக்கு இரண்டு வருடமாக அதுதான். மகாவுக்கும் ஒரு டப்பா கொடுத்தேன். சோம்பேறிப் பிள்ளை, நினைத்தால் பூசுவாள், இல்லையென்றால் விட்டுவிடுவாள்.

அப்புறம் செய்தி மாறியது. நீங்கள் ஃபேஷன் பக்கம் படிக்கிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். கறுப்பு அழகு என்று எழுத ஆரம்பித்தார்கள். இத்தனை காலம் வெள்ளைத் தோலை விற்ற அதே ஆட்கள், உள்ளது உள்ளபடி, இயற்கையான நிறம் என்று பேட்டி கொடுத்தார்கள். நான் படித்துச் சிரித்தேன். அவர்களுக்கு நிறம் என்பது ஒரு பருவத்துச் சரக்கு. ஒரு வருடம் பச்சை ஓடும், ஒரு வருடம் மஞ்சள் ஓடும், இந்த வருடம் நாங்கள் ஓடுகிறோம். சிரித்தேனே தவிர, அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து டிராயரில் வைத்தேன்.

பம்பாயில் ஒரு மேக்கப் கம்பெனி ஏழு நிறத்தில் ஃபவுண்டேஷன் கொண்டுவருவதாக அறிவித்தது. ஏழு நிறத்துக்கு ஏழு பெண்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் அந்தந்தப் பெண்ணின் பெயர். இருப்பதிலேயே கறுத்த நிறத்துக்கு ஆள் தேடினார்கள். மகாவை என் பார்லர் மொட்டை மாடியில் நிறுத்தி, மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் நான்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, ஒரு வருடத்துக்கு நிறம் மாறக் கூடாது. மகா அன்றோடு என் கிரீமை நிறுத்திவிட்டாள். முகத்துக்குப் போட என்று கம்பெனியே ஒரு மாயிஸ்சரைசர் அனுப்பியது. அவள் வீடு ஒரே அறை, தம்பி தங்கைகள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். அதனால் தன் சாமான்களை என் பார்லரில் ஒரு அலமாரியில் வைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் வந்து முகம் கழுவிப் பூசிவிட்டுப் போவாள்.

அந்த மழைக்காலத்தில்தான் இன்னொரு செய்தி வந்தது. அது ஃபேஷன் பக்கத்தில் வரவில்லை, உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது. பெயரில்லாத வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது, கிரீமில் பாதரசம் இருக்கிறது, கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும் என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. மற்றதும் இருந்தது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முகத்தைக் கழுவினேன். அன்றே நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. நான் பிழைத்துக்கொண்டேன்.

மகாவிடம் சொல்லவில்லை. அவள்தான் பூசுவதை நிறுத்திவிட்டாளே, எதற்குப் பயமுறுத்துவது என்று இருந்துவிட்டேன். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் செத்திருந்தால் காளியம்மை மதினி எனக்காக அழுதிருப்பாள்.

பாதி டப்பா மிச்சமிருந்தது. அதை எறியவும் இல்லை.

என் நிறம் திரும்ப ஆரம்பித்தது. முதலில் நெற்றி, அப்புறம் கன்னம். பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிற அம்பிளி ஒருநாள் என்னை நிறுத்தி, "சேச்சிக்கு எந்து பற்றி? முகம் ஆகெ கறுத்துப் போயல்லோ" என்று கேட்டாள். வெயில் என்றேன். உள்ளே வந்து கண்ணாடியில் பார்த்தேன். பத்தொன்பது வயதில் பார்த்த முகம், கொஞ்சம் வயதாகி நின்றது. அழகாகத்தான் இருந்தேன் மேடம். யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.

நாற்பது தாண்டிய பெண்களையும் இனி மேடையேற்றப்போகிறார்கள் என்று அந்த வாரமே ஒரு செய்தி வந்திருந்தது. விளையாட்டாகத்தான் செய்தேன். மகாவை நிறுத்திய அதே சுவரில் சாய்ந்து, மேக்கப் இல்லாமல், போனை ஸ்டூலில் வைத்து என்னையே போட்டோ எடுத்தேன். மகாவைத் தேர்ந்தெடுத்த அதே கம்பெனிக்கு அனுப்பினேன். வைசாலி என்று போடவில்லை, விசாலாக்ஷி என்றே போட்டேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் இந்த நிறத்தில் எங்களிடம் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறாள்.

அதை நான் பல தடவை படித்தேன். அந்தக் காலத்தில் இந்த நிறத்துக்கு இடமே இல்லை என்றார்கள், எங்களில் யாருக்கும் இடம் இல்லையே என்று அது ஒரு மாதிரி நிம்மதி. இப்போது இடம் இருக்கிறது, ஒரே ஒரு இடம், அதில் என் மதினி மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். மகாவின் மாயிஸ்சரைசரில் பாதியை வழித்து எடுத்துக் குப்பையில் போட்டேன். என் மிச்சக் கிரீமை அதில் போட்டு ஹென்னா கலக்குகிற குச்சியால் கலக்கினேன். இரண்டும் வெள்ளை. மேலே ரோஸ் எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டேன். கல்யாணப் பெண்ணுக்கு ஃபேஸ் பேக் கலக்குவதுபோலத்தான் கலக்கினேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்சம் வெளுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கம்பெனி அவளை வேண்டாம் என்று சொல்லும், அவள் என்னிடம் வந்து அழுவாள், நான் ஆறுதல் சொல்வேன். அதற்குமேல் என் மனசு போகவில்லை. சிறுநீரகச் செய்தி ஞாபகம் இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது. சின்ன வயசு, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஓணம் முடிந்ததும் கிரீம் தீர்ந்துபோனது. அங்கேயே விட்டிருக்கலாம். கலூர்க்காரருக்கு நானே போன் செய்தேன்.

மகா பம்பாய்க்குப் படப்பிடிப்புக்குப் போய்விட்டு வந்தாள். கம்பெனி வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போட்ட கணக்கு அங்கேயே தப்பியது. பார்லருக்குள் நுழைந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என் பேரு வச்ச கலரு எனக்கே மேட்ச் ஆகலக்கா. நான் வெளுத்துட்டேனாம். உட்கார வச்சு முகம், காது, கழுத்து எல்லாம் கறுப்பு அடிச்சு விட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வெயில்ல நில்லுன்னு சொல்லி ஒரு பாட்டில் கொடுத்து விட்டாங்க. நீயே வச்சுக்கோக்கா. என் நெறத்தை நான் பாட்டில்ல வச்சுப் பூசணுமாக்கும்."

பாட்டிலில் 'மகா' என்று பெயர் அச்சடித்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். எனக்கு வெள்ளை அடித்தார்கள், அவளுக்குக் கறுப்பு அடித்தார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் போன பிறகு பாட்டிலைத் திறந்து என் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கோடு தெரியவே இல்லை.

அடுத்த மாதம் நடைப் பயிற்சியின்போது குதிகால் செருப்பைப் போட்டவள் முகத்தைச் சுளித்தாள். "செருப்பு சுருங்கிப்போச்சோக்கா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். கணுக்காலில் என் விரல் பட்ட இடம் குழி விழுந்து, குழியாகவே நின்றது. அது என்ன என்று அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கேட்டாள், நான் சொல்லியிருக்க வேண்டும். இதை எழுதும்போது கை நிற்கிறது. அந்த ஒரு இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்று நடந்துகொண்டிருக்கும்.

"நின்னு நின்னு நீர் கோத்திருக்கும்" என்று சொல்லி ஒரு அளவு பெரிய செருப்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர் முதலில் கேட்டது என்ன கிரீம் போடுகிறாள் என்றுதான். இப்போது எல்லா டாக்டர்களும் கேட்கிறார்கள். காளியம்மை மதினி சீருடையோடு என் பார்லருக்கு ஓடி வந்தாள்.

"கிரீமு கிரீமுன்னு டாக்டர் கேக்காரு விசாலம். பிள்ளை என்ன பூசுதா? உனக்குத்தான் தெரியும்."

"கம்பெனி கொடுத்தது மட்டும்தான் மதினி. வேற ஒன்னும் இல்லை."

"அதையாவது கொடு, கொண்டு காட்டட்டும்."

மறுநாள் அதே மாயிஸ்சரைசர் புதிதாக ஒன்று வாங்கி, மேலாக இரண்டு விரல் வழித்து எடுத்துவிட்டு, டாக்டரிடம் நானே கொடுத்தேன். சோதித்துப் பார்த்துவிட்டு இதில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்கப்புறம் அவர்கள் வேறு காரணம் தேடினார்கள். ரத்தத்தையும் எங்கோ வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரத் தாமதமானது.

தினமும் போய்ப் பார்த்தேன். கஞ்சி கொண்டுபோனேன், தலை வாரிவிட்டேன். நர்ஸுகள் என்னைச் சொந்த அக்கா என்றே நினைத்தார்கள். மருந்து கொடுத்தும் அவள் ஏன் தேறவில்லை என்று டாக்டர் குழம்பினார். ஏசி காற்றில் முகம் இழுக்கிறது என்று அவள் தன் கிரீமைக் கேட்டாள். பையிலிருந்து எடுத்து நானே பூசிவிட்டேன். எந்த டப்பாவிலிருந்து என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பழையதிலிருந்து. புது டப்பா டாக்டரிடம் இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா கை குளுகுளுன்னு இருக்கு" என்றாள்.

மேடம், எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். திடீரென்று நிறுத்தினால் டாக்டருக்குச் சந்தேகம் வரும் என்றும் நினைத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நாட்கள் போய்விட்டன. வீங்கிய காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம். பாத்ரூம் போக எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரகம் இப்படிக் கெட்டால் அப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொன்னார். அது எனக்குத் தெரியாது. செய்தியில் அதைப் போடவில்லை.

அடக்கம் முடிந்த பிறகுதான் ரத்தத்தின் முடிவு வந்தது. பாதரசம். நீங்கள் பார்லருக்கு வந்தீர்கள். எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தேன். கலூர்க்காரர் நம்பரைக்கூட அழித்துவிட்டேன். நீங்கள் அலமாரியைத் திறக்கவே இல்லை. சுவரில் நானும் அவளும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோக்களை, விஷு, ஓணம், கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனீர்கள். அவள் வெளுத்துக்கொண்டே வருகிறாள், பக்கத்தில் நான் கறுத்துக்கொண்டே வருகிறேன். "நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டீர்கள். முகத்தைக் கழுவ மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கழுவினாலும் போயிருக்காது, அது என் நிறம்.

கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன். கலக்கியது நான், பூசியது நான், டாக்டரிடம் பொய் டப்பா கொடுத்தது நான். மகாவைக் கொன்றது நான். நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆட்களில் கல்யாணமாகாத பெண் இறந்துவிட்டால் மணப்பெண்ணாக அலங்கரித்துத்தான் அனுப்புவோம். குளிப்பாட்டி, பட்டுப்புடவை சுற்றி, பூ வைத்திருந்தார்கள். முகம் மட்டும் பாக்கி. மதினி என்னைத்தான் கூப்பிட்டாள். நான் பெட்டியைத் திறந்தேன். கை தன் பழக்கத்தில் இரண்டு படி வெளுத்ததை எடுத்தது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது வேண்டாம் விசாலம். என் பிள்ளை பழைய நெறத்துல போகட்டும். அவ பேரு போட்ட பாட்டிலு ஒன்னு உன்கிட்ட இருக்குன்னாளே."

பெட்டியில் தேடினேன். தேடுவதுபோல் காட்டினேன். மதினி என் கன்னத்தைத் தொட்டாள். விரலைத் தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுதான். இந்த நெறந்தான். இதையே போடு."

தீர்ந்துபோச்சு மதினி என்றேன். அது பொய் இல்லை. கடைசிச் சொட்டை அன்று காலையில்தான் நான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நாலு பேர் கூடுகிற துக்க வீட்டுக்கு வெறும் முகத்தோடு எப்படிப் போவது. அந்தப் பாட்டில் மகாவுக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை, மேடம். எனக்குத்தான் அப்படியே பொருந்தியது.